வரிசையில் ஐந்தாவது

தம்பியின் சட்டையில் மூன்றாவது பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன் அவசரப்படவில்லை. மீதிப் பொத்தான்களையும் மாட்டி, காலரை நேராக இழுத்துவிட்டு, தம்பியின் கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்த பிறகுதான் போனை எடுத்தார். தம்பி காலை ஆறு மணிக்குத் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தான். அறுபத்திரண்டு வயது. முகத்தில் வலியின் அடையாளம் இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்தவன்போல உதடுகள் மட்டும் லேசாகத் திறந்திருந்தன.

பேசியது நகர மன்றத் தலைவர்.

“கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. இருபது வருஷம் எங்களை உட்கார விடாம ஆட்டி வச்ச மனுஷன்.”

“ம்.”

“தகன மேடையில இன்னிக்குக் கூட்டம். உங்களுக்கு அஞ்சாவதுன்னு பதிவாகியிருக்காம். சாயங்காலம் அஞ்சரை ஆயிடும். அதெல்லாம் வேண்டாம். பதினோரு மணிக்கு, முதல் ஆளா வச்சுக்கலாம். நானும் வர்றேன், பத்திரிகைக்காரங்களையும் வரச் சொல்றேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அண்ணனின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. மரக்கடை வைத்து நாற்பது வருடம் ஆகிறது. ஊரில் கதவு போட்டவனெல்லாம் அவர் கடை வாசலுக்கு வந்திருக்கிறான். அவர் ஒருவர் வாசலிலும் போய் நின்றதில்லை. தம்பி அப்படி இல்லை. வரி செலுத்துவோர் சங்கம் என்று ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, மாதந்தோறும் மன்றக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தெருவிளக்கு ஏன் எரியவில்லை, சாக்கடைக்கு மூடி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஊர் அவனைக் கேள்விக்காரர் என்றது. பலகை வாங்க வருகிறவர்கள்கூட, “உங்க தம்பி இன்னிக்கும் மனுவோட நிக்கறாரு” என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே அண்ணன் ஏழு வருடமாக அவனோடு சேர்ந்து எங்கேயும் போனதில்லை.

இன்று தலைவரே கூப்பிட்டு முதலிடம் தருகிறார். கடைசி நாளிலாவது குடும்பத்துக்கு மரியாதை வந்ததே.

“சரி” என்றார்.

கூடத்தில் தம்பியின் மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னார். குரலில் தன்னை அறியாமல் ஒரு கம்பீரம் ஏறியிருந்தது. “இனிமே யாரும் சிரிக்க முடியாது பாரு. தலைவரே முன்னால நிக்கப்போறார்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்வாள் என்று எதிர்பார்த்தார். “சரிங்க அத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒன்பதரை மணிக்குச் சங்கத்தார் மூன்று பேர் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர், தையல்கடை அம்மாள், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காலையில் தகன மேடைக்குப் போய்ப் பெயரைப் பதிந்து வந்தது அந்த டிரைவர்தான். மூவரும் உடம்பின் அருகே வெகுநேரம் நின்றார்கள். பிறகும் கிளம்பவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுக் கையை எடுத்தார்.

“என்ன அது?” என்றார் அண்ணன்.

“ஒண்ணுமில்லைங்கய்யா.”

“ஒண்ணுமில்லாததையா இத்தனை தடவை தடவிப் பாக்கறீங்க?”

மருந்துக்கடைக்காரர் தையல்கடை அம்மாளைப் பார்த்தார். அம்மாள்தான் வாயைத் திறந்தாள். “ஆட்சேபணை மனுங்க. பதினோரு மணிக்கு முதல்ல வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கோம். குடுக்கறதா வேண்டாமான்னு தெரியாம கையிலயே வச்சிருக்கோம்.”

அண்ணனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாயிற்று. “யாருக்கு எதிரா? இவனுக்கா? உங்க சங்கத் தலைவனுக்கு எதிரா நீங்களே மனு எழுதி, அதைச் சாவு வீட்டுக்குள்ள எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க. மனுஷங்கதானா நீங்க?”

“எதிராங்களா?” என்றார் டிரைவர். “அய்யா, அந்தப் பலகையை வைக்கச் சொன்னதே அவருதாங்க.”

“எந்தப் பலகை?”

அம்மாள் சொன்னாள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கொத்தனார் தன் மனைவியின் உடம்போடு காலை ஒன்பது மணிக்கு வந்து காத்திருந்தார். நடுவில் மூன்று பெரிய இடத்துச் சாவுகள் உள்ளே போயின. இருட்டிய பிறகுதான் அவருக்கு முறை வந்தது. அடுத்த மன்றக் கூட்டத்தில் கேள்விக்காரர் எழுந்தார். பதினாலு கூட்டத்தில் அதே கேள்வியைக் கேட்டார். கடைசியில், பதிவான வரிசையைத் தகன மேடை வாசலில் எல்லோரும் பார்க்க எழுதி வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

“வரிசையை மாத்தினா, கேட்டவங்க பேரும் காரணமும் அதுலயே எழுதணும். அதுவும் அவரு போட்டதுதான். ‘சட்டத்துக்குப் பயப்படாதவன் ஊர் பாக்குதேன்னு பயப்படுவான்’னு சொல்வாரு. நாலு வருஷத்துல ஒருத்தரும் மாத்தக் கேக்கலைங்க.” அம்மாள் நிறுத்தினாள். “இன்னிக்கு வரைக்கும்.”

அண்ணன் டிரைவர் பக்கம் திரும்பினார். “இப்ப அதுல என்ன எழுதியிருக்கு?”

“வர்ற வழியில மறுபடி பாத்துட்டுத்தாங்க வந்தேன்...” என்று டிரைவர் இழுத்தார்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“மாற்றம் கேட்டவர், இறந்தவரின் அண்ணன், மரக்கடை. காரணம், குடும்ப மரியாதை.”

அந்தக் கடைசி இரண்டு சொற்களும் தலைவருடைய கைங்கரியம் என்று அண்ணனுக்கு விளங்கியது. பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் எதைப் படம் பிடிக்க வருகிறார்கள் என்பதும் விளங்கியது. ஊருக்கெல்லாம் வரிசை போதித்தவன், செத்ததும் வரிசையைத் தாண்டிக்கொண்டு போனான். தம்பியின் இருபது வருடத்தையும் ஒரே படத்தில் எரித்துவிடலாம். அதற்கு நெருப்பெடுத்துக் கொடுத்தது அண்ணனின் ஒரு சொல்.

அவர் தம்பி மனைவியைப் பார்த்தார். “இந்தப் பலகை விஷயம் உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அத்தான். நீங்க ரொம்பப் பெருமையா சொன்னீங்க. எப்படிக் குறுக்கப் பேசறதுன்னு இருந்துட்டேன்.”

அவர் கையை நீட்டினார். மருந்துக்கடைக்காரர் மனுவைக் கொடுத்தார். ஒரு பக்கம். ஒரு சொல் மிகையில்லை. இறந்தவர் யாராக இருந்தாலும், என்று ஓரிடத்தில் இருந்தது. படித்து முடித்ததும் பேனா கேட்டார். மூன்று கையெழுத்துகளுக்கும் மேலே, காலியாக இருந்த இடத்தில், தன் கையெழுத்தைப் போட்டார்.

தலைவரைக் கூப்பிட்டுப் பார்த்தார். போன் எடுக்கப்படவில்லை. மணி ஒன்பது ஐம்பது. டிரைவரின் ஸ்கூட்டரில்தான் போக வேண்டியிருந்தது.

“பிடிச்சுக்கோங்கய்யா.”

“பழக்கமில்லை. மெதுவாப் போங்க.”

“மெதுவாப் போனா பதினொண்ணு ஆயிடும்.”

அண்ணன் டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

தகன மேடை அலுவலகத்தில் ஒரே சன்னல். முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். டிரைவர், “அய்யா, அவசரம்னு சொல்லி...” என்று ஆரம்பித்தார். அண்ணன் ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் ஒரு சன்னலுக்கு முன் வரிசையில் நின்றார். நிற்கும்போது பலகையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தன்னை யாரும் பார்க்கவில்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது. அவரவர்க்கு அவரவர் சாவு.

குமாஸ்தா மனுவை இரண்டு தடவை படித்தார். “மாத்தச் சொன்னதும் நீங்க. மாத்தக் கூடாதுன்னு ஆட்சேபிக்கறதும் நீங்களா?”

“ஆமா.”

“இதுக்கு எங்க பதிவேட்டுல கட்டமே இல்லையே.”

“இருக்கற கட்டத்துல எழுதுங்க.”

“தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“தலைவர் என் தம்பிக்கு உறவா? நான்தான் உறவு. பழைய மாதிரி அஞ்சாவதா எழுதுங்க. எழுதற வரைக்கும் இங்கேயே நிக்கறேன்.”

குமாஸ்தா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “கேள்விக்காரர் அண்ணன்தான். சந்தேகமே இல்லை.”

ஏழு வருடமாகத் தவிர்த்துவந்த பேச்சு. கேட்டபோது அண்ணனுக்கு அது வசவாகத் தோன்றவில்லை.

குமாஸ்தா ஈரத்துணியோடு வெளியே வந்தார். இரண்டு இழுப்பில் பலகையிலிருந்த அந்த எழுத்து போயிற்று. அதே நேரம் பக்கத்தில் வந்து நின்ற ஓர் ஆள், சட்டையெல்லாம் பெயிண்ட் கறை, பலகையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

“எங்களைப் பின்னாடி தள்ளின பெரிய மனுஷன் நீங்கதானா?”

டிரைவர் குறுக்கே வரப் பார்த்தார். அண்ணன் அவரை விலக்கினார். “நான்தான். தப்பு என்னோடது. இப்ப சரி பண்ணியாச்சு. பதினோரு மணி உங்களோடதுதான்.”

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. “யாரு உங்களுக்கு?” என்றான்.

“தம்பி.”

“எனக்கு அப்பா.”

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. தலைவர்தான். “என்னங்க இது, ஆபீஸ்ல ஏதேதோ சொல்றாங்க. பத்திரிகைக்காரங்க வந்துக்கிட்டிருக்காங்க.”

“வரட்டும். பலகையைப் படம் எடுத்துக்கட்டும், நல்லா இருக்கு. நீங்க அஞ்சரைக்கு வாங்க.”

“அஞ்சரைக்கா? நாலு மணிக்கு எனக்கு மன்றக் கூட்டம் இருக்கே.”

“அப்ப கூட்டத்துக்குப் போங்க.”

“இன்னிக்கு நிம்மதியா நடக்கும்” என்று தலைவர் சிரிப்பது கேட்டது.

வீடு திரும்பி அதைச் சொன்னபோது தையல்கடை அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். “நாலு மணிதானே? போயிட்டு அஞ்சரைக்குள்ள வந்துடறேங்கய்யா. சாக்கடை மூடி இன்னிக்கு விவாதத்துக்கு வருது.” தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று சட்டென்று நிறுத்தினாள்.

“போய்ட்டு வாங்கம்மா” என்றார் அண்ணன். “கடைசி வரிசையிலயா உட்காருவீங்க?”

“அங்கதாங்க எல்லாம் நல்லாத் தெரியும்.”

நாலரை மணிக்கு உடம்பைக் கொண்டுபோனார்கள். மூன்றாவது குடும்பத்தின் முறை அப்போதுதான் முடிந்திருந்தது; நான்காவது குடும்பம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாசலில் நீளமான சிமெண்ட் பெஞ்சு. மருந்துக்கடைக்காரர் அண்ணனுக்கு மட்டும் உள்ளே நாற்காலி இருப்பதாகச் சொன்னார். அண்ணன் வேண்டாமென்று பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

ஐந்தே கால் மணிக்குத் தையல்கடை அம்மாள் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். “முப்பது மூடி, இந்த மாசமே” என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார இடம் தேடினாள். அண்ணன் நகர்ந்து இடம் விட்டார்.

அவருக்கு மறுபக்கத்தில் தம்பி மனைவி, காலையிலிருந்து முதல் தடவையாக, சுவரில் முதுகைச் சாய்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குளிர்ந்த தரையில் இரண்டு பாதங்களையும் பதித்து, விரல்களை மெல்ல விரித்தாள்.