செத்துப்போன பாட்டுக்காரர்

வில்ஃப் கூப்பிட்டது எனிட்டின் பெயரைத்தான். விட்பித் துறைமுகத்தில் ஒரு மதுக்கடையின் மாடி அறையில் கூடும் நாட்டுப்பாடல் கிளப் அது. ஞாயிறு சாயங்காலம், அறுபது பேர். விருந்தாளிப் பாடகருக்கு முன்னால் உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கொரு பாட்டுப் பாடுவது அந்தக் கிளப்பின் வழக்கம். இரண்டு வருடமாகக் கூட்டத்தோடு கூட்டமாகப் பல்லவியைத் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் தனியாக எழுந்தாள்.

"மீன் கைய கழுவிட்டு வந்தியா?" என்றான் கிளப்பை நடத்தும் வில்ஃப்.

"கழுவியாச்சு. உன் வாயத்தான் யாராவது கழுவணும்."

எழுந்த சிரிப்பு அவளுக்குத் தேவைக்கு அதிகமாகவே தைரியம் கொடுத்துவிட்டது. "இது ரொம்பப் பழைய பாட்டு. எழுதின மனுஷன் யாருன்னே தெரியாது. பாவம், செத்து நூறு வருஷமாவது ஆயிருக்கும்."

பழசு என்பதைவிட உசத்தியான பட்டம் அந்தக் கிளப்பில் கிடையாது. மீன் கொட்டகையில் தன்கூட உப்பு மீன் அடுக்கும் பெண்களிடம் கற்ற பாட்டு, பழசாகத்தானே இருக்கும்? முதல் கண்ணியை முடித்துப் பல்லவிக்குக் காத்திருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. அத்தனை தலையும் பின்பக்கம் திரும்பியிருந்தது.

வில்ஃப் காதருகே வந்தான். "அடிப் பாவி, செத்தவரு கதவோரமா உக்காந்து பீர் குடிச்சிட்டு இருக்காரு."

அன்றைய விருந்தாளி ஜோனஸ் ஹார்கர் எழுதிய பாட்டு அது. விருந்தாளியின் பாட்டை அவர் முன்னாலேயே பாடுவதைப் போல ஒரு குற்றம் அங்கே வேறில்லை. இது நடந்து எத்தனையோ வருடமாகி, எனிட்டுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. இன்றும் இதைச் சொன்னால் காது சிவந்துவிடும். உட்கார்ந்தால் இனி ஜென்மத்துக்கும் எழமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை பாடித் தீர்த்த பிறகே உட்கார்ந்தாள்.

ஹார்கர் முன்னால் வந்தார். "செத்தவன் பாடுறேன், கேளுங்க," என்றதும் அறை இடிந்து விழுவதுபோல் சிரித்தது. அவர் அதே பாட்டைத்தான் எடுத்தார். எனிட்டுக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. புருஷனைக் கடல் கொண்டுபோகிறது, பெண்டாட்டி கரையில் அழுகிறாள். அங்கே நிறுத்திவிட்டார்.

"நான் எழுதுனது இவ்வளவுதாம்மா. அவ கண்ணத் தொடச்சிட்டுப் படகத் தள்ளிக்கிட்டுப் போறாளே, நீ பாடுன அந்தக் கடைசிக் கண்ணி யாருது?"

"எங்க மீன் கொட்டகைப் பொம்பளைங்களுது."

"அது இல்லாம இனிமே இத எப்படிப் பாடுறது? எந்திரி."

அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். எனிட் எழுந்தாள். பல்லவிக்காக இந்த முறை அறுபது பேரும் முன்கூட்டியே மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.