குடும்பத்துடன் வருக

செஞ்சி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த பொன்னுசாமிக்கு மூன்றும் பெண்கள். அறுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் அவருடைய மனைவி லட்சுமியம்மாள் நாலாவது பிரசவத்துக்காக பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். மூத்தவள் தமிழரசிக்குப் பதின்மூன்று வயது ஆகிறது, சோறு வடிக்கத் தெரியும், மற்ற இருவரையும் அவளே பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். வீட்டில் சாயங்காலம் எவ்வளவு நீளமானது என்று அதன் பிறகுதான் பொன்னுசாமிக்குத் தெரிந்தது. அதுவரை ஆஸ்பத்திரி முடிந்ததும் கடைத்தெருவில் நின்று பேசிவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டுக்கு வருகிறவர் அவர்.

அந்தச் சமயம் ஊரில் ஒரு மன்றத்தார் பள்ளிக்கூட மைதானத்தில் மெல்லிசை நிகழ்ச்சி ஏற்பாடு செய்திருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து பாட்டுக் குழு வருவதாக, மாட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, வீதி வீதியாக ரோஸ் நிற நோட்டீசை வீசிக்கொண்டு போனார்கள். கூத்து மாதிரி விடிய விடிய நடக்காது, சாயங்காலம் ஆரம்பித்துச் சாப்பாட்டு நேரத்துக்கு முடிந்துவிடும், குழந்தை குட்டிகளோடு வரலாம் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நோட்டீசின் அடியில் பெரிய எழுத்தில் ‘குடும்பத்துடன் வருக’ என்று போட்டிருந்தது. நடு மகள் செந்தாமரை அதை அப்பாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

“போலாமா நைனா?”

“போலாம்.”

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தனியாக அவர் அதுவரை எங்கேயும் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழரசி தங்கைகளுக்குத் தலைவாரி, முகம் கழுவி, உடுத்திவிட்டாள். கடைக்குட்டி மல்லிகாவுக்கு நாலு வயது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொன்னுசாமி முன்னால் நடந்தார். செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை உச்சியில் வெயில் இன்னும் இருந்தது. வழியெல்லாம் ஜனம்.

மைதானத்தில் மேடைக்கு எதிரே சவுக்குக் கம்புகளை நட்டு, நடுவில் நீளமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். சட்டையில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு வாசலில் நின்றவர் ஜவுளிக்கடை அரங்கநாதன். அவர்தான் மன்றத்தின் செயலாளர்.

“கம்பவுண்டரே, நீங்க இந்தாண்ட போங்க. பொண்ணுங்க அந்தாண்ட.”

“நோட்டீசுல குடும்பத்தோடன்னு போட்டிருக்குதே மொதலாளி?”

“குடும்பத்தோட வாங்கன்னுதான் போட்டிருக்குது. குடும்பமா உக்காருங்கன்னு எங்கனா போட்டிருக்குதா?” என்றார் அரங்கநாதன். கோபமாகச் சொல்லவில்லை. “தனி எடம் இருக்குதுன்னு சொன்னதுனாலதான் இவ்ளோ பொம்பளைங்க வந்திருக்கறாங்க. நீங்களே பாருங்க.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாய் விரித்தும் துண்டு விரித்தும் வெறுந்தரையிலும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய முஸ்லிம் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம், பனமலையிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் ஒரு பக்கம். டென்ட் சினிமாக் கொட்டகையைத் தவிர வேறெங்கும் பொன்னுசாமி இவ்வளவு பெண்களைச் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

தமிழரசிக்கு ஆண்கள் நடுவில் உட்காரும் எண்ணமே இல்லை. செந்தாமரையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். மல்லிகா மட்டும் அப்பாவின் வேட்டியை விடவில்லை. சின்னக் குழந்தை எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்று அரங்கநாதன் கையை ஆட்டினார். பொன்னுசாமி கயிற்றை ஒட்டி இடம் பிடித்து உட்கார்ந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. மேடையில் ஒருவர் அக்கார்டியனை மார்பில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து வாசித்தார். மல்லிகா வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

“நைனா, அந்தப் பொட்டி ஏன் மூச்சு வாங்குது?”

“பாட்டு அதுக்குள்ளேர்ந்துதான் வருது.”

“அக்காகிட்ட சொல்லிட்டு வரேன்.”

கயிற்றுக்கு அடியில் குனிந்து போனாள், சொன்னாள், திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்தில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு மறுபடி போனாள், வெறுங்கையோடு வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கால்களை மடக்கி மடக்கி அவளுக்கு வழிவிட்டார்கள். அடுத்த முறை அவள் போனபோது பொன்னுசாமி பாதி தூரம்வரை பார்த்தார். அதற்குள் ஆணும் பெண்ணுமாக இருவர் மேடைக்கு வந்து ஜோடிப் பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். போங்கோஸ் மேளம் வாசிக்கிறவர் தலையை ஆட்டி ஆட்டித் தட்டினார். பொன்னுசாமிக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சோறு, துணி, குழம்பில் உப்பு என்று பல நாளாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அப்போது நின்றுபோனது. அடுத்த பாட்டும் நன்றாக இருந்தது. அதற்கடுத்ததும்.

செந்தாமரை கயிற்றருகே வந்து நின்றாள்.

“நைனா, மல்லிகாவ அனுப்பு. அக்கா கூப்புடுது.”

“உங்ககிட்டதானே இருக்கறா?”

“இல்லியே. அப்பவே உன்கிட்ட வந்துட்டாளே.”

பொன்னுசாமி எழுந்தார். கயிற்றைத் தாண்டிப் பெண்கள் பக்கம் காலை வைத்தார். சிலர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள், ஒரு கிழவி சத்தம் போட்டாள். அரங்கநாதன் ஓடி வந்தார்.

“கம்பவுண்டரே, இன்னா இது? படிச்சவரு நீங்களே இப்டி…”

“கொழந்தயக் காணோம் மொதலாளி.”

அரங்கநாதன் நேரே மேடைக்குப் போய்ப் பாடகரின் தோளைத் தொட்டார். பாட்டு பாதியில் நின்றது. மல்லிகா என்ற நாலு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை, பார்த்தவர்கள் மேடைக்குக் கொண்டுவரவும் என்று மைக்கில் சொன்னார். புனல் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பிய பெயர் மலையில் மோதித் திரும்பவும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருப்பது அப்போதுதான் பொன்னுசாமியின் ஞாபகத்துக்கு வந்தது. அவர் சொன்னதும் இரண்டு பேர் டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார்கள்.

எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் நாலு வயதுக் குழந்தையாகவே இருந்தது.

“கம்பவுண்டரே, மேல வாங்க. அடையாளம் சொல்லுங்க,” என்று அரங்கநாதன் கூப்பிட்டார். “இன்னா கலரு கவுனு?”

பொன்னுசாமி மைக்கின் முன்னால் நின்றார். வீட்டிலிருந்து மைதானம்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். அந்தக் கையின் சூடு நினைவில் இருந்தது. போட்டிருந்தது கவுனா, பாவாடையா என்பதுகூட நினைவில் இல்லை.

“ஒல்லியா இருக்கும்…” என்றார். “மாநெறம்…”

அதற்குமேல் வரவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

தமிழரசியை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே மேடைப் படியேறி வந்து அப்பாவை ஒதுக்கிவிட்டு நின்றாள். மைக் அவள் நெற்றிக்கு மேலே இருந்தது. அக்கார்டியன்காரர் வந்து அதை இறக்கிவிட்டார்.

“மஞ்சக் கவுனு,” என்றாள். தன் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில் ஒரு நொடி திடுக்கிட்டாள். பிறகு நிறுத்தவில்லை. “முதுவுல ஒரு பட்டன் இல்ல, ஊக்கு குத்தியிருக்குது. ஒத்தக் கால்லதான் கொலுசு இருக்கும். வெரலு சூப்பறாளேன்னு கட்டைவெரல்ல வேப்பெண்ணெ தடவிவுட்டிருக்கறேன், கிட்ட போனா நாத்தம் அடிக்கும். உங்க பக்கத்துல தெரியாத கொழந்த இருந்தா கையை மோந்து பாருங்க.”

மைதானமே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் அருகில் இருந்த குழந்தைகளின் கையைப் பிடித்து முகர்ந்தார்கள். சொந்தக் குழந்தையை முகர்ந்தவர்களும் உண்டு.

பெண்கள் பக்கத்தில், தையல்காரர் வீட்டு ஜாஹிதா பேகம், எங்கிருந்து இந்த வேப்பெண்ணெய் நாற்றம் என்று வெகு நேரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை தானாக வந்து அவள் மடியில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தது. பாயில் பக்கத்தில் இருந்தவளுடைய குழந்தை என்று இவள் நினைத்தாள். பக்கத்தில் இருந்தவளோ அது பேகத்தின் குழந்தை என்று நினைத்தாள். காற்றுப் படாமல் இருக்க இவள் துப்பட்டியால் அதை மூடியும் விட்டிருந்தாள். இப்போது துப்பட்டியை விலக்கிப் பார்த்தாள். மஞ்சள் கவுன்.

“இங்க இருக்குது!” என்று கத்தினாள். “எம் மடியில தூங்குது!”

அதற்குள் ஆண்கள் பாதிப்பேர் கயிற்றைத் தாண்டித் தேட வந்துவிட்டார்கள். இரண்டு சவுக்குக் கம்புகள் சாய்ந்து, கயிறு தரையில் கிடந்தது. பொன்னுசாமி அதை மிதித்துக்கொண்டு வந்தார். குழந்தையைத் தூக்கக் கையை நீட்டியவரை ஜாஹிதா பேகம் தடுத்தாள்.

“எழுப்பாதீங்கண்ணே. நல்லாத் தூங்குது. மன்னிச்சுக்கங்க, நான் இந்த அக்கா கொழந்தன்னு நெனச்சுட்டேன்.”

“நீ இன்னாம்மா பண்ணுவ,” என்றார் பொன்னுசாமி. அங்கேயே, பாயின் ஓரத்தில், பெண்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தமிழரசியும் செந்தாமரையும் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போகும்படி அரங்கநாதன் மைக்கில் கேட்டுக்கொண்டார். தனியாக வந்த ஆண்கள் போனார்கள். குடும்பத்தோடு வந்தவர்களில் பலர் காது கேட்காதவர்கள் மாதிரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அரங்கநாதன் சாய்ந்த கம்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கம்பு நட ஆளைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறவர்போல இருந்தார். கடைசியில் பாட்டுக் குழுவைப் பார்த்துத் தலையை அசைத்தார். நிறுத்திய பாட்டை அவர்கள் முதலிலிருந்து பாடினார்கள்.

நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது மல்லிகா அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

“மேடையில ஏற பயமா இல்லியா?” என்று பொன்னுசாமி தமிழரசியைக் கேட்டார்.

“பயமாத்தான் இருந்துது. நீ ஒண்ணும் சொல்லாம நிக்கற. இன்னா பண்றது?”

அவர் மல்லிகாவை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். “எந்தக் கால்ல கொலுசு இல்ல?”

“எடது கால்ல. போன மாசமே தொலச்சுட்டா. உன்கிட்ட சொன்னேனே.”

“சொன்னியா?”

“சொன்னேன் நைனா.”

அனந்தபுரத்துக்கு மறுநாள் முதல் பஸ்ஸிலேயே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம் பிள்ளைகளோடு பொன்னுசாமி அங்கே போனபோது, தனக்குத் தெரியும் என்று லட்சுமியம்மாள் காட்டிக்கொள்ளவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். அவர் விட்ட இடங்களையெல்லாம் தமிழரசியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அந்தப் பாட்டுக்காரங்க மறுபடியும் எப்ப வராங்க?” என்று கேட்டாள்.