பில்டர் ஹவுஸ் மாடிப்படி

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் திருவண்ணாமலையில் பதினோரு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏரி பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. ஆனாலும் ஏரித் தண்ணீரை வடிகட்டி ஊருக்கு விடும், கரையில் நின்ற பில்டர் ஹவுஸைப் பார்த்தவர்கள் தண்ணீர் இல்லை என்பதை நம்பவில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம். எட்டாத உயரத்தில் வளைவு வைத்த கண்ணாடி ஜன்னல்கள், உச்சியில் கோபுரம். அத்தனை பெரிய கட்டடத்துக்குள் ஆபீசர்களுக்கென்று தண்ணீரைப் பதுக்கியிருப்பதாக ஊரெல்லாம் பேச்சு.

ஜினசந்திரன் அங்கே பத்தொன்பது வருஷமாக ஆபரேட்டர். அன்று மத்தியானம் நாற்பது பேர் கடப்பாரையோடு வந்தார்கள். முன்னால் லாரி டிரைவர் அருணகிரி, பக்கத்தில் அவன் தம்பி ராமகிருஷ்ணன்.

“உள்ள மணலு காஞ்சு கெடக்குதுபா. ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் போங்க” என்றார் ஜினசந்திரன்.

அருணகிரி கடப்பாரையைச் சுழற்றினான். தடுக்க நீட்டிய இடது கை முறிந்து தொங்கியது. கூட்டம் அவரை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

வடிகட்டும் தொட்டிகளில் வறண்ட மணலைப் பார்த்ததும் வெறி ஜாஸ்தியானது. கண்ட குழாயை எல்லாம் நொறுக்கினார்கள். தண்ணீரில் கலக்கும் குளோரின் சிலிண்டர் மூலையில் இருந்தது. எவனோ அதன் வால்வில் ஓங்கிப் போட்டான். மஞ்சள் புகை சீறிக்கொண்டு வந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடி முட்டினார்கள். உள்பக்கம் திறக்கும் கதவு. நெரிசலில் அதுவே சாத்திக்கொண்டது. விழுந்தவர்கள் மேல் மற்றவர்கள் ஏறி மிதித்தார்கள்.

“மேல ஏறுங்க, இந்தப் பொக தரையிலதான் நிக்கும்” என்று கத்திக்கொண்டே, கூட்டத்தின் பின்னால் உள்ளே வந்திருந்த ஜினசந்திரன் கோபுரத்துக்குப் போகும் இரும்புப் படிக்குத் தவழ்ந்தார். முதல் படியில் அருணகிரி ரத்தமாய் இருமிக்கொண்டு கிடந்தான். அவருக்கு அவன்மேல் இரக்கமில்லை. வழியை அடைத்துக் கிடந்தான், அவ்வளவுதான். தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனார். பின்னால் இருபது பேர் ஏறினார்கள். யாரோ ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள்.

வெளியிலிருந்து ஆட்கள் கதவைப் பெயர்த்தபோது தரையில் மூன்று பிணங்கள். ராமகிருஷ்ணன் தண்ணீரைத் தேடி மணல் தொட்டிக்கு அடியிலிருந்த அறைக்குள் இறங்கியிருந்தான். அவன் நான்காவது.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்து அருணகிரி கேட்டான்: “யோவ், என் தம்பிய ஏன்யா இஸ்துகினு வரல?”

“அவன் எறங்குனத நான் பாக்கலபா.”

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து, கையை உடைத்தது யார் என்று விசாரித்தார். அருணகிரி அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஜினசந்திரன் அவன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும் தெருவையும் சேர்த்தே சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வீட்டிலிருந்து வந்த கஞ்சியை அன்று அவர் தொடவில்லை.