முப்பத்தெட்டாம் பக்கம்

கதைக்கு எட்டு, படத்துக்கு மூன்று. பால்வண்ணநாதன் போட்ட மார்க் அது. அவர் போட்டுவிட்டால் போட்டதுதான், மறுகூட்டல் எல்லாம் கிடையாது.

அம்பாசமுத்திரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தமிழில் எந்தக் காமிக்ஸ் வந்தாலும் மூன்றாம் நாள் வாசகர் குழுவில் அவருடைய கருத்து வந்துவிடும். கதைக்குத் தனி மார்க், படத்துக்குத் தனி மார்க், இரண்டும் பத்துக்கு. குழுவில் இருக்கும் நானூறு பேரில் பாதிப் பேர் அவர் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் புத்தகத்தையே பிரிப்பார்கள். பிறகு அதிலேயே கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துத் தாங்களும் எழுதுவார்கள். கேட்டால் சொந்தக் கருத்து என்பார்கள்.

இந்த முறை அடி வாங்கியது தென்காசி ஹம்னா. ‘ஐவர் கூட்டணி’ அவள் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து வரைந்த புத்தகம். அதுவரை தனித்தனிப் புத்தகங்களில் பறந்தும் பாய்ந்தும் கொண்டிருந்த ஐந்து நாயகர்கள் முதல்முறையாக ஒன்று சேர்ந்து, பாறையன் என்கிற மலையளவு வில்லனோடு குற்றாலத்தில் மோதுகிற கதை. எழுதியவரும் வெளியிட்டவரும் செங்கோட்டையில் அச்சகம் வைத்திருக்கும் ஜஸ்டின்.

பால்வண்ணநாதன் எழுதியிருந்தது ஹம்னாவுக்கு வரி பிசகாமல் மனப்பாடம். ‘பாறையன் கையில் ஐவரும் சிக்காமல் தப்பிக்கும் ஆறு பக்கங்கள் கதாசிரியரின் சாமர்த்தியத்துக்குச் சான்று. ஆனால் படம்? நாயகர்கள் எல்லாரும் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வடை மாதிரி மினுமினுக்கிறார்கள். ஏன்? பாறையனின் விரல்கள் எதையும் ஒழுங்காகப் பிடிக்காமல் கோணிக்கொண்டு நிற்கின்றன. ஓவியருக்குக் கை வரைய வரவில்லை.’ அதன் கீழே எழுபத்தொரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு உம்மா மெஹர் பானு கேட்டது இன்னும் மோசம். “ஏட்டி, பத்துக்கு மூணுன்னா ஃபெயிலுதானே?” பாவம், ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஆறு பக்கச் சாமர்த்தியம் ஜஸ்டினுடையதே இல்லை. அவர் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது ஒரே வரி: ‘ஐவரும் எப்படியோ தப்பிக்கிறார்கள்.’ எப்படியோ என்று எழுதிவிட்டு மனுஷன் சாப்பிடப் போய்விட்டார். எப்படி என்று வரைகிறவளுக்கல்லவா தெரிய வேண்டும்? ஹம்னா நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் விடை கிடைத்தது. குற்றாலத்துக்கு வருகிறவன் அருவிக்குப் போகுமுன் என்ன செய்வான்? உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொள்வான். ஐவரும் எண்ணெய் தேய்த்து முடித்த நேரம் பார்த்துப் பாறையன் வருகிறான். பிடிக்கிறான், வழுக்குகிறது. மறுபடி பிடிக்கிறான், மறுபடி வழுக்குகிறது. எண்ணெய் தேய்ப்பதை முப்பத்தெட்டாம் பக்கத்தின் அடியில் மூன்று சின்னக் கட்டங்களில், ஒரு சொல்கூட இல்லாமல் வரைந்திருந்தாள்.

அதில் ஒரு வசனம் போடச் சொல்லி ஜஸ்டின் தலைபாடாக அடித்துக்கொண்டார். ‘ஆகா, எண்ணெய் மசாஜ்!’ என்று யாராவது சொன்னால் போதும் என்றார். இவள் முடியவே முடியாது என்றுவிட்டாள். “பாத்தாத் தெரியும் அண்ணாச்சி” என்றாள். ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் வசனத்தை வாசித்துக்கொண்டே பக்கத்தைத் தாண்டிவிட்டார்கள்.

இப்போது ஜஸ்டின் பயந்துவிட்டார். ஆள் கெட்டவரில்லை, விற்காமல் போய்விடுமோ என்கிற பயம்தான். ஜூலையில் குற்றாலத்தில் வாசகர் சந்திப்பு, அங்கே வருகிறவர்கள் சீட்டில் மார்க் போடட்டும், படத்துக்குச் சராசரி ஐந்துக்குக் கீழே போனால் இரண்டாம் பாகம் வேறு ஓவியருக்கு என்று சொல்லிவிட்டார். ஹம்னா தலையை ஆட்டினாள். ஆனால் யாரும் கேட்காமலே இரண்டாம் பாகத்தின் முதல் பத்துப் பக்கங்களை வரைந்து முடித்திருந்தாள். சந்திப்புக்குப் போகும்போது அவற்றையும் பையில் வைத்துக்கொண்டாள். என்ன நினைப்பில் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அங்கே போய் எதையும் விளக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தாள். வாயால் விளக்க வேண்டிய படத்தை வரைந்ததற்குப் பேசாமல் கதையே எழுதியிருக்கலாம் என்பது அவள் கட்சி.

சந்திப்பு அன்று காலையில் சாரல் பிய்த்து உதறியது. இருபத்தாறு வாசகர்கள் வந்திருந்தார்கள். முதலில் குளியல், பதினோரு மணிக்குக் கூட்டம் என்று ஏற்பாடு. குற்றாலத்துக்கு வந்து முதலில் கூட்டம், பிறகு குளியல் என்றால் எவன் வருவான்? எட்டரை மணிக்கே இருபத்தாறு பேரும் மெயின் அருவிப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். நெற்றியிலிருந்து குதிகால் வரைக்கும் சொட்டச் சொட்டத் தேய்த்து முடித்து, துண்டோடு எழுந்து நடந்தால், போலீஸ்காரர் விசில் ஊதினார். மலையில் கனமழை, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் தடை, பழைய குற்றாலத்திலும் தடை.

இப்போ விடுவார்கள், அப்போ விடுவார்கள் என்று இரண்டு மணி நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் துண்டும் கைலியுமாக, எண்ணெய் வழிய, லாட்ஜ் ஹாலுக்கு வந்து சேர்ந்தார்கள். பின்பக்கம் குழாய் இருக்கிறது, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள் என்று ஜஸ்டின் மன்றாடிப் பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை. குற்றாலத்து எண்ணெயைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதா? ஊருக்குப் போனால் வெளியில் தலைகாட்ட முடியுமா? ராயகிரியிலிருந்து வந்த சங்கரபாண்டி, ஆறடி உயரமும் அதற்கேற்ற அகலமுமான விவசாயி, அருவி திறக்கிற வரைக்கும் இப்படியேதான் இருப்பேன் என்று நாற்காலியில் சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டார்.

ஹம்னா கடைசி வரிசையில் இருந்தாள். முதலில் பேச எழுந்தவர் பால்வண்ணநாதன். கதையை அரை மணி நேரம் புகழ்ந்தார். ஜஸ்டின் கூச்சப்பட்டுத் தரையைப் பார்த்தார். கூச்சப்பட வேண்டிய விஷயம்தானே! பிறகு படத்துக்கு வந்தார். வடை உவமையை மறுபடி சொன்னார், ஹால் சிரித்தது. ஹம்னாவுக்கு முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்று பையின் வாரைக்கூடப் பிடித்துவிட்டாள். “பாறையன் கையப் பாருங்க, பிடிக்கத் தெரியாத கை” என்று சொல்லிக்கொண்டே அதை நடித்துக் காட்டப் பால்வண்ணநாதன் ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

எண்ணெய்க்காலும் மொசைக் தரையும். அவ்வளவுதான். பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. சங்கரபாண்டி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. தோளைப் பிடித்தார், அதுவும் வழுக்கியது. பின்னால் போய்க் கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். வாத்தியார் பாதி தூரம் எழும்பி, சர்ரென்று நழுவி, மறுபடியும் தரைக்கே வந்துவிட்டார். சங்கரபாண்டி விரல்களைக் கோணலாக விரித்தபடி வெறுங்கையோடு நின்றார். அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏலே, நான் பாறையன் மாதிரில்லா நிக்கேன்” என்றார்.

யாரோ நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். அதே விரல்கள், அதே கோணல். வரிசையாகத் தலைகள் புத்தகத்துக்குள் கவிழ்ந்தன. பிறகு ஒவ்வொருத்தராக நிமிர்ந்து பக்கத்தில் இருப்பவரின் தோளையும் முழங்கையையும் பார்த்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் இருபத்தாறு பேரும் வடையாக மினுமினுத்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கக் கூடாது என்று வந்தவள்தான். ஆனாலும் எத்தனை நேரம் பொறுப்பாள்? ஹம்னா எழுந்தாள்.

“முப்பத்தெட்டாம் பக்கம், அடியில பாருங்க சார்.”

தரையில் உட்கார்ந்தபடியே பால்வண்ணநாதன் பக்கத்தைத் திருப்பினார். எண்ணெய்ச் சீசா, தேய்க்கிற கை, கண்ணை மூடிச் சொக்கிப்போயிருக்கிற நாயகன். மூன்று கட்டங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்த இடத்தில் ஜஸ்டின் என்ன எழுதியிருந்தார் என்று கேட்டார். ஜஸ்டின் தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்படியோ தப்பிக்கிறார்கள் என்றுதான் எழுதியிருந்தேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை மன்னித்துவிடலாம்.

வாத்தியார் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக எழுந்து நின்றார்.

“படத்துல நான் கழிச்சது ஏழு. மினுமினுப்புக்கு நாலு, கைக்கு மூணு. ரெண்டும் என் தப்பு. முப்பது வருசமா புள்ளையள ‘வினாவ முழுசா வாசிங்கலே’ன்னு அடிச்சிருக்கேன். இன்னைக்கு நான் வாசிக்கல. படத்துக்கு ஒம்பதரை போடுதேன். அரை மார்க் குறையுறது உன் தப்பு இல்லம்மா, எனக்கு முழுசாப் போட்டுப் பழக்கமில்ல. கதைக்குப் போட்ட எட்டுல நால எடுத்துருதேன், அது கதைக்காரருக்குச் சேர வேண்டியதில்ல.”

கைதட்டல்கூடச் சரியாக விழவில்லை, எண்ணெய்க் கை அல்லவா, சளக் சளக்கென்றுதான் கேட்டது. ஹம்னாவுக்கு அந்தச் சளக் சளக்கே போதுமானதாக இருந்தது. இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று, எழுந்து போயே போய்விட்டது.

சீட்டில் மார்க் போடலாம் என்றால் ஒருத்தர் கையிலும் பேனா நிற்கவில்லை. எண்ணெய் படாத கை ஹாலில் ஹம்னாவுக்கும் ஜஸ்டினுக்கும் மட்டும்தான். ஹம்னா எழுதினால் நன்றாக இராது. ஆகவே ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல ஜஸ்டினே எழுதினார். படம் ஒன்பது, கதை நாலு. படம் எட்டரை, கதை நாலு. இருபத்தாறு தடவை, தன் கையாலேயே. படத்தின் சராசரி எட்டே முக்கால் வந்தது.

பேனாவை மூடிவிட்டு ஜஸ்டின் அவளருகே வந்து, இரண்டாம் பாகம் எப்போது தருவாய் என்று மெதுவாகக் கேட்டார். ஹம்னா பையைத் திறந்து பத்துப் பக்கங்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்துப் பக்கத்திலும் ஒரு வசனம் இல்லை. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். ஹாலை ஒருமுறை பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, நல்லாயிருக்கு என்றார்.

அந்த நேரத்தில் லாட்ஜ் மேனேஜர் வாசலில் வந்து, மெயின் அருவியில் குளிக்க விட்டுவிட்டார்கள் என்று சத்தம் கொடுத்தார். காலையிலிருந்து இதற்காகத் தவம் கிடந்த கூட்டம். ஒருத்தர்கூட வாசல் பக்கம் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் மேஜைமேல் இருந்தது.

“அருவி எங்கயும் ஓடிராது. அந்தப் பத்தையும் இங்கன தாம்மா” என்று பால்வண்ணநாதன் கையை நீட்டினார்.

ஹம்னா பக்கங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“கையக் கழுவிட்டு வாங்க சார்” என்றாள்.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாட்ஜின் பின்பக்கம் நடந்தார். அவர் பின்னால் சங்கரபாண்டி போனார், அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள். குற்றாலத்து எண்ணெயைக் குழாயில் கழுவ மாட்டோம் என்று வீம்பு பிடித்த இருபத்தாறு பேரும், அருவி திறந்து கிடக்க, ஒரே ஒரு குழாய்க்கு முன்னால் சோப்போடு வரிசையில் நின்றார்கள்.