சேனை வைத்த விரல்

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்பார்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். தன் மகன் சசிதரனுக்குச் சேனை வைக்க, கணவனின் அக்கா முனீஸ்வரியைத்தான் நாகஜோதி கூப்பிட்டாள். ஒல்லி உடம்பு, பிள்ளை கிடையாது. ஆனால் அதிர்ந்து ஒரு சொல் பேச மாட்டாள்.

பத்து மாதமாகியும் சசிதரன் ஐந்து கிலோவைத் தாண்டவில்லை. தலை நிற்கவில்லை. குலசாமி கோயிலில் மொட்டை போட்ட அன்று, பந்தியில் வைத்து நாகஜோதி சொல்லிவிட்டாள்.

“எல்லாம் சேனை வச்ச கைராசி மதினி. ஒங்கள மாதிரியே எம்பிள்ளையும் காஞ்சு கெடக்கான்.”

இலையை மூடிவிட்டு எழுந்து போனவள்தான் முனீஸ்வரி. ஆறு மாதமாக வாசல் மிதிக்கவில்லை.

போன வாரம் மதுரையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

“அபூர்வமான மரபணு நோய்மா. ஒங்க ரெண்டு பேருகிட்டயும் பாதிப் பாதியா மறைஞ்சு இருந்திருக்கு. பிள்ளைகிட்ட ஒண்ணு சேர்ந்திருச்சு. கருவுலயே வந்தது” என்றார் டாக்டரம்மா.

“குணமாகுமா?”

“மருந்து இல்ல. பயிற்சி குடுத்துப் பாப்போம். யாரு மேலயும் தப்பில்லம்மா.”

யார் மேலும் தப்பில்லையாம்.

நாகஜோதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதினியின் ஊரான மார்க்கையன்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். முனீஸ்வரி நடவு வயலில் நின்றாள்.

“வாங்க மகராசி! வரப்பு வழுக்கும், எங்க நாத்துல விழுந்துராதீக” என்று பக்கத்தில் நட்டவள் சிரித்தாள். முனீஸ்வரி சிரிக்கவில்லை.

“மதினி, ஒங்க கையில ஒண்ணும் இல்லையாம். எங்க ரத்தத்துலதான் இருந்துச்சாம். வாய் தவறிப் பேசிட்டேன்.”

“வாய் தவறல தாயி. மனசுல இருந்ததுதான வந்துச்சு.”

நாகஜோதி தலை குனிந்தாள்.

“போன மாசம் எங்க தெரு ஈஸ்வரபாண்டி பேத்திக்குச் சேனை வைக்கக் கூப்பிட்டாக. சர்க்கரைத் தண்ணிச் சங்கக் கையில எடுத்துட்டேன். ஒன் சொல்லு நெனப்பு வந்துச்சு. சங்கக் கீழ வச்சுட்டு ஓடியாந்துட்டேன்.”

“பிள்ளையக் கொஞ்சம் தூக்குங்க மதினி. ஒங்களத்தான் பாக்குறான்.”

முனீஸ்வரி பார்த்தாள். கண் நிறைந்தது.

“கையெல்லாம் சேறா இருக்கு ஆத்தா” என்றாள்.

காலடியிலேயே வாய்க்கால் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனியவில்லை. நாகஜோதியும் மறுபடி கேட்கவில்லை.