பிறந்த வீட்டுக் கோடி

செத்துக் கிடந்த மகிமாவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ராமசெல்வி செம்பைப் பாதியில் நிறுத்தினாள். அந்த ஆள் இன்னும் வாசலில்தான் நின்றான். எண்ணூரிலிருந்து உடல் வந்த வண்டியிலேயே வந்தவன். யார் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிறான். வாய் மட்டும் திறப்பதில்லை.

"யாருக்கா அவன்?" தம்பி மனோகரன் காதருகே வந்தான். "நேத்து வூட்ல இவங்க ரெண்டு பேருதான் இருந்துகீறாங்க. நல்லா இருந்தது எப்டி பொட்டுனு பூடும்? முழியப் பாரு, திருட்டு முழி."

ராமசெல்விக்கும் அதே அரிப்புதான். பையனாய்ப் பிறந்தது புடவை கட்டிக்கொண்டது என்று, கடைசித் தம்பி மகிமாவை இந்த விம்கோ நகர்ப் பக்கமே அண்டவிடாமல் வைத்த வீடு இது. அவளுக்கு மட்டும் நாள் கிழமையில் மகிமாவிடமிருந்து போன் வரும். அதில் ஒரு ஆம்பளையைப் பற்றி மூச்சு விட்டதில்லையே! மகிமாவின் மணிக்கட்டில் கன்றிப்போன தடம் வேறு. யாரோ இறுக்கிப் பிடிக்காமல் அப்படிக் கன்றுமா, சொல்லுங்கள்.

குளிப்பாட்டி முடித்ததும் மனோகரன் பையைப் பிரித்தான். புது வேட்டி, வெள்ளைச் சட்டை.

"இன்னாடா இது?"

"பின்ன? ஆம்பளப் புள்ளையாத்தானே பொறந்தான். போறப்பவாவது மரியாதையா போவட்டும்."

வேட்டியை உதறியதுதான் தாமதம். அந்த ஆள் பாய்ந்து வந்து மனோகரனின் கையைப் பற்றிக்கொண்டான். "சாரி... சாரி..."

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாத்தியாக்கா! சாரி கேக்குறான்! இன்னாடா பண்ண என் தம்பிய?" மனோகரன் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அதற்கும் அதே சொல்தான் வந்தது. மனோகரன் நின்ற இடத்திலேயே போலீசுக்குப் போன் போட்டுவிட்டான்.

பூ வாங்கப் போயிருந்த கீர்த்தி அப்போதுதான் உள்ளே நுழைந்தாள். மகிமாவின் கூட்டாளித் திருநங்கை.

"யோவ், கைய எடு! முபாஷிர்யா. மகிமா புருசன்!"

"புருசனா? அப்ப ஏன் ஊமக்கோட்டான் மாதிரி நிக்குறான்?"

கீர்த்தி குரலைத் தாழ்த்தினாள். "பெங்காலிக்காரரு. இவரோட அண்ணன் வேல செஞ்ச ஊர்ல, அவரு பேச்ச கேட்டே பங்களாதேஷ்காரன்னு சொல்லி அந்த ஊர் போலீசு புட்ச்சினு பூட்டாங்க. எல்லைக்கு அந்தாண்ட தள்ளிட்டாங்க. பொறந்து வளந்தது கல்கத்தா பக்கம்தான். கார்டு கீர்டு எல்லாம் கீது, எவன் பாத்தான்? அதுலேர்ந்து இவரு வெளிய வாயே தொறக்கறதில்ல. மகிமாதான் வாயி. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்குனா."

"கையில இன்னா தடம்?" ராமசெல்வி விடவில்லை.

"நெஞ்சுவலின்னு ஆட்டோவுல இட்டுனு ஓடுனாரு. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் அந்தக் கைய வுடலியேக்கா."

"அப்ப சாரி எதுக்குக் கேக்குறான்?"

கீர்த்தி வேட்டியைப் பார்த்தாள். "அது சாரி இல்லக்கா. ஷாரி. அவங்க பாஷையில பொடவ."

ராமசெல்வி தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"மனோகரா, கட்டிக்குடுத்த பொண்ணு செத்தா பொறந்த வூட்லேர்ந்து இன்னாடா போவணும்?"

அவன் கையிலிருந்த வேட்டி மெல்லத் தாழ்ந்தது.

"கோடிப் பொடவ போவணும். அந்த வேட்டிய மடிச்சு வை."

ராமசெல்வி பீரோவைத் திறந்து, இன்னும் மடிப்புக் கலையாத அரக்குப் புடவை ஒன்றை எடுத்துவந்தாள். கீர்த்தி கொசுவம் வைத்தாள்.

பாடையில் கிடத்தும்போது போலீஸ் வண்டி வந்து நின்றது.

"போன் பண்ணது யாருய்யா?" போலீஸ்காரரின் கண் நேராக முபாஷிரிடம் போயிற்று. "நீ எந்த ஊரு? பேரச் சொல்லு."

முபாஷிரின் உதடு பிரிந்தது.

மனோகரன் நடுவில் வந்து நின்றான். "நான்தான் சார் பண்ணேன். காதுல தப்பா வுழுந்துடுச்சு."

"இவன் யாரு?"

மனோகரன் தரையைப் பார்த்தான். "எங்க வூட்டு மாப்ள சார்."

"வாயில்லையா?"

"பொண்டாட்டி செத்துக் கெடக்குது சார்."

போலீஸ்காரர் போகவில்லை. வண்டிமேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

பாடை எழுந்தது. முன்கொம்பைத் தோளில் தாங்கிய முபாஷிரின் வாய் தானாக அசையத் தொடங்கியது. அவன் பாஷையில் என்னவோ மெல்ல வந்தது. போலீஸ்காரர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

அதைக் கண்டதும் ராமசெல்வி மார்பில் அறைந்துகொண்டு பெருங்குரலெடுத்தாள். கீர்த்தி சேர்ந்துகொண்டாள், பிறகு தெருப் பெண்கள் எல்லோரும். மனோகரன் மேளக்காரர்களைப் பார்த்து, ஓங்கி அடிங்க என்று கையை ஆட்டினான்.

அத்தனை சத்தத்துக்கும் நடுவில், முபாஷிரின் வாய் மட்டும் அசைந்துகொண்டே தெருமுனையைத் தாண்டிப் போனது.