அழகுமுத்து கூப்பிட்ட ஊர்

வில்கமுவையிலிருந்து வந்த அந்தக் கடிதத்தைச் சோமசுந்தரம் மூன்று முறை படித்தார். முதலில் தபால் பையைப் பிரித்த கையோடு. பிறகு தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்று. மூன்றாவது முறை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு.

'கிளாக்கரய்யாவுக்கு அழகுமுத்து எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் சுகம். மாசியில் நெல் அறுக்கிறோம். ஐயாவும் அம்மாவும் வந்து ரெண்டு நாள் தங்கிப் போகவேண்டும். வராமல் இருக்க வேண்டாம்.'

கடைசி வரிதான் அவரை உறுத்தியது. வராமல் இருக்க வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? அது அழைப்பா, மிரட்டலா?

எல்கடுவ மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் ஆலையில், அவர் இருபத்திரண்டு வருஷமாகக் கிளார்க். அழகுமுத்து அதே ஸ்டோரில் தூள் சலித்தவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை, வேலை முடிந்து போகும்போது அவன் பனியனுக்குள் அரைக் கிலோகூட வராத ஒரு றாத்தல் தூளைத் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்ததைச் சோமசுந்தரம் கண்டுபிடித்தார். தோட்டத்துத் துரையிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த வாரமே பேரை வெட்டி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லயத்தில் குடியிருந்த காம்பிராவும் போயிற்று. அழகுமுத்துவும் அவன் மனைவி அழகாயியும் மழையில் தகரப்பெட்டியைச் சுமந்துகொண்டு இறங்கிப் போனார்கள். வளைவில் அவன் நின்று திரும்பி ஸ்டோரைப் பார்த்தான். ஜன்னலோரம் நின்ற சோமசுந்தரத்தின் கண்ணில் அந்தப் பார்வை பட்டது. ஒரு நாள் இவன் வருவான் என்று அன்றே மனதுக்குள் எழுதி வைத்துவிட்டார். அவன் வரவில்லை. இப்போது இவரை வரச் சொல்கிறான்.

"ஒம்பது வருசம் கழிச்சுச் சோறு போடக் கூப்பிடுறானாம்" என்றார் மனைவி மங்களேஸ்வரியிடம்.

"சோறுன்னு எழுதியிருக்கானா?"

அவள் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். எழுபத்து நாலாம் வருஷம் அது. கூப்பனுக்குக் கிடைக்கும் அரிசி ஒரு வாரத்துக்கு வராது. பேக்கரியில் பாண் வாங்க விடியுமுன்னே வரிசையில் நிற்கவேண்டும். மாத்தளைக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறே விற்கக் கூடாது என்று சட்டம். லயங்களில் கீரையை அவித்துக் குடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார்கள். கிளார்க் வீட்டிலும் இரவுக்கு மரவள்ளிக்கிழங்குதான்.

"நெல் அறுக்கிறோம்னு எழுதியிருக்கான்."

"அப்ப சோறுதான். போவோம்."

"ஒனக்கு அறிவிருக்கா? அவன் வேலையப் பறிச்சது நானு."

"தெரியும். அதுக்கு இப்ப என்ன செஞ்சிருவான்? விசமா வைப்பான்?"

அவள் சொல்லும்வரை விஷத்தைப் பற்றி அவர் நினைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

ஆனாலும் போவதென்று முடிவாயிற்று; வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று பதிலும் போட்டார். மங்களேஸ்வரி மாத்தளைக்கு அப்பால் பஸ்ஸில் போனதே இல்லை. அவள் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டாள். சோமசுந்தரம் ஆபீசில் இருந்த ஒவ்வொருவரிடமும், யாரும் கேட்காமலே, தான் எங்கே போகிறார், யார் வீட்டுக்குப் போகிறார் என்று சொல்லி வைத்தார். விலாசத்தை ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்து, "திங்கக்கெழம நான் வரலைன்னா இதைப் பாருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் புறப்பட்டு மாத்தளைக்கு இறங்கி, நாவுலயில் பஸ் மாறி, எலஹெரவில் இன்னொரு தடவை மாறினார்கள். போகப் போகக் காற்று சூடாயிற்று. ரோட்டோரக் கடைகள் குறைந்து காடு வந்தது. கடைசி பஸ்ஸில் ஏழு பேர்தான். எங்கே போகிறீர்கள் என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டான். இடத்தைச் சொன்னதும், "அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று ஆச்சரியப்பட்டான். சோமசுந்தரத்துக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

ஒரு புளியமரத்தடியில் அவர்களை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. ஆள் நடமாட்டம் இல்லை. கால் மணி நேரம் கழித்து டிரக்டர் சத்தம் கேட்டது. ஓட்டி வந்தவனை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. ஸ்டோரில் எலும்பாகத் திரிந்த அழகுமுத்து தடித்திருந்தான். கறுத்து, தோள் அகன்று, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான்.

"வந்துட்டீங்களா! வரமாட்டார்னு அழகாயி சொன்னா. கட்டாயம் வருவார்னு நான் சொன்னேன்."

"ஏன் அப்பிடிச் சொன்னே?"

"அது அப்பிடித்தான்யா" என்று சிரித்துவிட்டு மங்களேஸ்வரியின் பெட்டியை வாங்கினான்.

பின்பெட்டியில் வைக்கோல்மேல் உட்கார்ந்து போனார்கள். டிரக்டர் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் திரும்பியது.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான்யா."

ஒரு மைல் போனது. மறுபடி கேட்டார். கிட்டத்தான் என்றான்.

"திரும்பிப் போக பஸ் எப்ப?"

"ஞாயித்துக்கெழம காலையில ஒண்ணு. அத விட்டா செவ்வாக்கெழமதான்."

காடு சட்டென்று முடிந்தது. மண் சுவரும் இலுக்குப்புல் கூரையுமாக ஒரு வீடு. அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் பழுத்த நெல். எல்லையில் மரங்கள், மரங்களுக்கு மேலே நீலமாக மலைகள். தாங்கள் வாழும் மலைகளை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று மங்களேஸ்வரிக்குப் புரிய நேரமாயிற்று. "அம்மாடி, எம்புட்டு வெளிச்சம்!" என்றாள். சோமசுந்தரம் கவனித்தது வேறு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இன்னொரு வீடு இல்லை.

அழகாயி தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் பின்னாலேயே ஒரு சிங்களக் கிழவர், தோளில் வேட்டைத் துவக்கோடு வந்தார். சோமசுந்தரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர்தானா அந்த மஹத்தயா?" என்று அழகுமுத்துவிடம் சிங்களத்தில் கேட்டார்.

"அவரேதான்" என்றான் அழகுமுத்து.

கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு துவக்கைச் சுவரில் சாத்தினார். பக்கத்து வயல் முதியான்சே என்றும், பன்றி விரட்ட வந்திருக்கிறார் என்றும் அழகுமுத்து சொன்னான். சோமசுந்தரம் தண்ணீர்ச் செம்பைக் குடிக்காமலே கீழே வைத்தார். அந்த மஹத்தயா, அந்த ஐயா. அப்படியென்றால் இவர்கள் தன்னைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

சாப்பாடு போட்டார்கள். புது அரிசிச் சோறு, சிவப்பாக, ஆவி பறக்க. ஆற்று மீன் குழம்பு. பூசணிக்காய். சட்டியில் எருமைத் தயிர். சோமசுந்தரம் சோற்றில் கை வைக்கவில்லை.

"நீயும் ஒக்காரு அழகுமுத்து."

"நீங்க சாப்பிடுங்கய்யா. நாங்க பெறகு."

"இல்ல, சேர்ந்தே சாப்பிடுவோம்."

"விருந்தாளி சாப்பிடாம நாங்க எப்பிடி?"

இதற்குள் மங்களேஸ்வரி மூன்றாவது கவளத்தை விழுங்கியிருந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணில் நீர் வந்தது. பதறிப்போய், "என்ன, என்ன செய்யுது?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க. சோறு." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு நாளாச்சு, இப்பிடி வயிறாரச் சோறு பாத்து."

அதற்குமேல் அவராலும் முடியவில்லை. செத்தால் இரண்டு பேரும் சேர்ந்தே சாகலாம் என்று சாப்பிட ஆரம்பித்தார். அழகாயி மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் அழகுமுத்து அவரை வயலுக்குக் கூட்டிப்போனான். இது நானே வெட்டின வாய்க்கால் என்றான். இது நானே கட்டின வரப்பு. இந்தக் கிணற்றுக்கு ஏழு பாகம் ஆழம் தோண்டினேன். ஒவ்வொரு இடத்திலும் நின்று, "எப்பிடியிருக்கு?" என்று கேட்டான். கேட்டுவிட்டு வயலைப் பார்க்கவில்லை, சோமசுந்தரத்தின் முகத்தைப் பார்த்தான்.

"நல்லாருக்கு."

"நல்லாப் பாருங்கய்யா. அவசரமில்ல."

இவன் எதையோ எதிர்பார்க்கிறான் என்று மட்டும் தெரிந்தது. எதை என்று தெரியவில்லை. கிணற்றின் அருகே போகும்போது சோமசுந்தரம் இரண்டடி தள்ளியே நின்றார். மங்களேஸ்வரியோ காலையிலேயே அழகாயியோடு அறுவடைக்குப் போனவள், முழங்கால்வரை சேற்றோடும் கையில் ஒரு கதிரோடும் திரும்பி வந்தாள். சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள். அவளையும் இவர்கள் பக்கம் இழுத்துவிட்டார்களே என்று அவருக்கு இருந்தது.

ஞாயிறு காலை டிரக்டர் தயாராக நின்றது. சோமசுந்தரம் விடிவதற்கு முன்பே சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அழகுமுத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு சாக்கைத் தோளில் தூக்கி வந்து பின்பெட்டியில் வைத்தான். கனமான சாக்கு. வாய் இறுகக் கட்டியிருந்தது.

"இது என்ன?"

"ஐயாவுக்குத்தான். வீட்டுக்குக் கொண்டு போங்க."

அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டதாகச் சோமசுந்தரம் நினைத்தார். இரண்டு கொத்து அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோனால் குற்றம். வழியில் தடை போட்டு ஒவ்வொரு பஸ்ஸையும் சோதிக்கிறார்கள். மூட்டையோடு பிடிபட்டால் பொலிஸ், கோர்ட், பேப்பரில் பெயர். தோட்டத்து வேலை அன்றோடு சரி. விஷமும் வேண்டாம், துவக்கும் வேண்டாம்.

"இதுக்குத்தான் கூப்பிட்டியா?" அவர் குரல் கீச்சிட்டது. "அன்னைக்கு ஒன்னய நான் பிடிச்சுக் குடுத்தேன். இன்னைக்கு என்னயத் தடையில பிடிச்சுக் குடுக்கப் பாக்கிறே. அதே மாதிரி! மூட்டையோட!"

டிரக்டர் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அழகுமுத்து அதை நிறுத்தினான். மங்களேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அழகாயி பின்பெட்டியில் ஏறி, சாக்கின் கட்டை அவிழ்த்து, வாயை விரித்துக் காட்டினாள். குரக்கன், கேழ்வரகுதான். அதற்குள் பழைய துணியில் எள்ளு, நாலு காய்ந்த சோளப்பொத்தி. மேலே தனியாக ஒரு சின்னப் பையில் அரிசி.

"ரெண்டு கொத்து" என்றாள். "அளந்துதான் போட்டேன். மிச்சத்துக்குத் தடை கெடையாது. எங்களுக்குத் தெரியாதாய்யா, அரிசியோட போனா பிடிப்பாங்கன்னு? நாங்க இங்கதானே இருக்கோம்."

சோமசுந்தரம் பின்பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சாரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்ட அழகுமுத்து வரப்பில் உட்கார்ந்தான்.

"மொத ரெண்டு வருசம் ஒங்கள வெட்டணும்னுதான்யா இருந்தேன். பொய் சொல்லல. முதியான்சே மாமா காடு வெட்டிப் போட்ட சேனையில கூலிக்கு நின்னப்பவெல்லாம் அவருகிட்ட ஒங்களப் பத்தித்தான் பேசுவேன். பெறகு பாதி வெளைச்சலுக்கு இந்தக் காணியக் குடுத்தாரு. வேலையில அது மறந்துபோச்சு."

"அப்ப எதுக்குக் கூப்பிட்டே?"

அவன் வரப்பிலிருந்த ஒரு கதிரை உருவினான்.

"யாருக்காவது காட்டணும்லய்யா. இங்க உள்ளவங்களுக்கு நான் ஆரம்பத்துலருந்தே வயக்காரன். நான் எப்பிடி அங்கருந்து எறங்கினேன்னு பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்க பாத்து நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எனக்கு அது நல்லாருக்கும்னு பட்டுச்சு."

நேற்று கிணற்றடியில் இவன் தன் முகத்தில் எதைத் தேடினான் என்று அப்போதுதான் சோமசுந்தரத்துக்குத் தெரிந்தது. அவர் மெல்ல நடந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். 

"அந்த வருசம் பொட்டி பொட்டியா லொறியில திருட்டுத்தனமாத் தேயில போச்சு, அழகுமுத்து. யாரு அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியும். வாயத் தெறக்கல. ஒன் வயித்துல கட்டியிருந்த ஒரு றாத்தலத்தான் பிடிச்சேன்."

"அது லயத்துல எல்லாருக்குந் தெரியும்யா."

"தெரியுமா?"

"தெரியும். நீங்களும் பயந்த ஆளுதானேன்னு பேசிக்குவோம்."

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று சோமசுந்தரத்துக்குத் தோன்றியது. காட்டுக்கு அப்பாலிருந்து பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. பிறகு அதன் இரைச்சல் தேய்ந்து போயிற்று. மங்களேஸ்வரி பெட்டியைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுபோனாள். அவள் நடையில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

அந்த இரண்டு நாளில்தான் அவர் வில்கமுவையைப் பார்த்தார். காலையில் வரப்பில் மயில்கள் வரிசையாக நடந்தன. வெயிலேற வைக்கோல் வாசம் வீட்டுக்குள் வந்து நிறைந்தது. மலைக்குளிரில் வருஷக்கணக்காகக் குத்திக்கொண்டிருந்த முழங்கால், அந்தச் சூட்டில் குத்த மறந்துவிட்டது. முதியான்சே பேசிப் பேசி அவரோடு சிநேகமாகி, வெற்றிலை மடித்துக் கொடுத்தார். சோமசுந்தரம் சட்டையைக் கழற்றிவிட்டுக் களத்தில் நெல் தூற்றினார். தூற்றத் தெரியாமல் தூசியெல்லாம் தலையில் விழ, அழகாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிணற்றின் கல்கட்டை அவர் கையால் தடவிப் பார்த்து, "அழகுமுத்து, நல்ல வேலை" என்றார். அழகுமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆற்றுக்குப் போனார்கள். அகலமான ஆறு, சத்தமில்லாமல் போனது. அழகுமுத்து இடுப்பளவு தண்ணீரில் நின்று கூப்பிட்டான். சோமசுந்தரம் கரையிலேயே நின்றார்.

"முதலை இருக்கா?"

"இருக்கு. கீழப் பக்கம். இங்க வராது."

"வராதுன்னு எப்பிடித் தெரியும்?"

"ஒம்பது வருசமா குளிக்கிறேன்யா."

அவர் தண்ணீரை ஒரு தடவை நன்றாக மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.